அடுப்பு எரிய மறுக்கும்போது

ரமழானின் மூன்றாம் ஸஹர் நேரம். அதிகாலை மூன்றே முக்கால் மணி இருக்கும். பிள்ளைகள் இன்னும் எழும்பவில்லை. குசினியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

“மூணு நாளாச் சொல்றன், நெருப்பு ஏறுதில்ல எண்டு. நீங்க காதுல எடுக்கல்ல.”

“கேஸ் முடிஞ்சிருக்கும்” என்றேன்.

“போன வாரந்தானே சிலிண்டர் மாத்தின. எப்பிடி முடியும்? லேசா வாசமும் வருது.”

நான் எழுந்து சென்று பார்த்தேன். அடுப்பின் இரண்டு வாய்களிலும் கடுகளவு நீல நெருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் வைத்த பானையில் சோறு கொதிப்பதற்குள் பாங்கு சொல்லிவிடும் போலிருந்தது. சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன், பாரமாகவே இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். மனைவி சொன்ன வாசம் உண்மைதான். எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, அந்த அரை இருட்டில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தேன். குச்சியை உரசப் போன என் கையை மனைவி எட்டிப் பிடித்தாள்.

“வேணாம்! புள்ளைகள் உள்ள படுக்குது.”

சகோதரிகளே, இருபது வருடங்களாக அரபுக் கல்லூரியில் ஓதிக் கொடுப்பவன் நான். அந்த ஒரு வார்த்தையில் என் கை நின்றுவிட்டது. அன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதல் நாள் மிஞ்சிய சோறுமாக நோன்பு வைத்தோம். அந்த அடுப்புக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த விடியலில் நான் கற்றுக்கொண்டதையும், அதன் பின் விசாரித்து அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அடுப்படியில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவர்கள் நீங்கள். ஆபத்தும் முதலில் உங்களைத்தான் வந்தடைகிறது.

நெருப்பு: அருளும் பகையும்

நாம் மூட்டும் நெருப்பைப் பற்றிச் சிந்திக்குமாறு ஸூரத்துல் வாகிஆவில் அல்லாஹ் நம்மிடம் கேட்கிறான். அதற்குரிய மரத்தை உண்டாக்கியவன் தானே என்றும், அதனை ஒரு நினைவூட்டலாகவும் பயன்தரும் பொருளாகவும் ஆக்கியிருப்பதாகவும் கூறுகிறான். எனவே அடுப்பு எரிவது சாதாரண விடயமன்று. அது ஒரு நிஃமத்.

அந்த நிஃமத்தின் பெறுமதி, அது இல்லாதபோதுதான் விளங்குகிறது. நபி (ஸல்) அவர்களின் வீடுகளில் இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்டும் அடுப்பு மூட்டப்படாமல் இருந்ததை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவிடம் கூறியிருக்கிறார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீருமே அப்போது உணவாக இருந்தன. அண்டை வீட்டு அன்ஸாரிகள் அனுப்பும் பாலும் சில வேளை கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உண்டு. 2022ஆம் ஆண்டில் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றபோது இந்த ஹதீஸை எத்தனை பேர் நினைத்திருப்போம்!

அதே நெருப்பைப் பகை என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தோரோடு தீப்பற்றிய செய்தி எட்டியபோது, இந்த நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கூறியதாக அபூ மூஸா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மற்றோர் அறிவிப்பில், எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் வந்திருக்கிறது. இந்த எலியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வர வேண்டியிருக்கிறது.

ஆராய்ந்து பார்க்கும் முறை

உஸூலுல் பிக்ஹ் பாடத்தில் மாணவர்களுக்கு ‘அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்’ என்று ஒரு முறையைக் கற்பிக்கிறோம். இது பொறுமை என்னும் ஸப்ர் அல்ல. ‘ஸீன்’ எழுத்தைக் கொண்டு எழுதப்படும் இச்சொல்லுக்கு ஆழம் பார்த்தல், சோதித்தல் என்று பொருள். ஒரு சட்டத்துக்குக் காரணமாக இருக்கக்கூடியவை எவை என்று முதலில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் சோதித்து, பொருந்தாதவற்றைத் தள்ளுவார்கள். எஞ்சி நிற்பதே காரணம்.

இதை வருடந்தோறும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் நான், என் வீட்டு அடுப்பின் முன் நின்றபோது அதை மறந்துவிட்டேன். ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு ‘கேஸ் முடிஞ்சிருக்கும்’ என்றேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அடுப்பு எரியவில்லை என்றால் அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். எரிபொருள் வந்து சேரவில்லை, அல்லது காற்று போதவில்லை, அல்லது இரண்டும் கலந்து வெளியே வரும் வாய் அடைபட்டிருக்கிறது. கேஸ் அடுப்பானாலும், மண்ணெண்ணெய் அடுப்பானாலும், மரத்தூள் அடுப்பானாலும் இதுவே கணக்கு.

கேஸ் வரும் வழி

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாகவே இருக்கிறது. பியூட்டேன், புரோப்பேன் என்னும் இரண்டின் கலவை அது. நாம் திறக்கும்போது திரவம் ஆவியாகி மேலே வருகிறது. வாயில் பொருத்திய ரெகுலேட்டர் அதன் வேகத்தைக் குறைத்து அனுப்புகிறது. றப்பர் ஹோஸ் வழியாக அடுப்புக்கு வந்து, நாம் திருகும் குமிழைத் தாண்டி, ஊசித் துளை போன்ற சிறு துவாரம் ஒன்றினூடாகப் பாய்கிறது. இதை ஜெட் என்பார்கள். ஜெட்டிலிருந்து பீறிடும் கேஸ், பக்கத்திலுள்ள திறப்பால் காற்றை இழுத்துக்கொண்டு ஒரு குழாய்க்குள் நுழைகிறது. அங்கே இரண்டும் கலந்து பர்னரின் சிறு துளைகளால் வெளிவந்து எரிகின்றன.

இந்த வழியை மனதில் வைத்துக்கொண்டு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். நெருப்புக் குறைந்திருப்பது ஒரு வாயிலா, எல்லா வாய்களிலுமா?

எல்லா வாய்களிலும் குறைந்திருந்தால் கோளாறு சிலிண்டருக்கும் அடுப்புக்கும் இடையில் இருக்கிறது. ஒரு வாயில் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு அந்த வாயில்தான் இருக்கிறது, சிலிண்டரையும் ஹோஸையும் குறை சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லா வாய்களிலும் குறைந்தால்

முதலில், வாசம் ஏதும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மற்றவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கீழே கேஸ் கசிவு பற்றிச் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள். வாசம் இல்லையென்றால் மட்டும் மேற்கொண்டு பாருங்கள்.

இரண்டாவது, கேஸ் உண்மையில் தீர்ந்துவிட்டதா? அசைத்துப் பார்த்து முடிவு செய்வது சரியல்ல. வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் நிறுத்து அதைக் கழித்தால் மீதமுள்ள கேஸ் தெரியும். 12.5 கிலோ சிலிண்டர் என்றால், நிறைந்திருக்கும்போது வெற்று எடையை விட 12.5 கிலோ கூடுதலாக இருக்க வேண்டும். தராசு இல்லாதவர்கள் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். திரவம் இருக்கும் பகுதி குளிர்ந்திருப்பதால் அங்கே ஈரம் தாமதித்துக் காயும். வெறுமையான பகுதி முந்திக் காய்ந்துவிடும்.

மூன்றாவது, ரெகுலேட்டர் சரியாக அமர்ந்திருக்கிறதா? சிலிண்டர் மாற்றிய அன்றிலிருந்து நெருப்புக் குறைந்ததென்றால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுப்புக் குமிழ்களை எல்லாம் மூடி, ரெகுலேட்டரை நிறுத்தி, கழற்றி, சிலிண்டர் வாயிலுள்ள றப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் நேராக அழுத்திப் பொருத்துங்கள். அது கோணலாக அமரக்கூடாது.

நான்காவது, ஹோஸ் எங்கேனும் மடிந்தோ நசிந்தோ இருக்கிறதா? அடுப்பைத் துடைப்பதற்காக நகர்த்திவிட்டுத் திரும்பச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் நடுவில் அகப்பட்டு நசிவதுண்டு. வீடு கழுவிய பிறகு, பெருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகு, தளபாடம் மாற்றிய பிறகு நெருப்புக் குறைந்ததாகச் சொன்னால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ப் பகுதிகளில் வாழும் சகோதரிகளுக்கு இன்னொன்றும் உண்டு. பியூட்டேன் குளிரில் மெதுவாகவே ஆவியாகும். அதனால் விடியற்காலையில் நெருப்புச் சிறுத்து, வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடும். சிலிண்டர் முடியும் தறுவாயில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். இது கோளாறு அல்ல. இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதோ, அடுப்புக்கு அருகில் கொண்டுவந்து சூடாக்குவதோ கூடவே கூடாது. சூடேறினால் உள்ளேயிருக்கும் அழுத்தம் எகிறும். கடைசிச் சொட்டு வரை எரிக்க வேண்டும் என்று சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைப்பவர்களும் உண்டு. அப்போது ஆவிக்குப் பதிலாகத் திரவமே ஹோஸுக்குள் இறங்கிவிடும். ஒரு சொட்டுத் திரவம் பெருமளவு கேஸாக விரியக்கூடியது. சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே இழக்கலாமா?

ஒரு வாயில் மட்டும் குறைந்தால்

பர்னர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சி, பால், கறி மசாலா எல்லாம் அந்தச் சிறு துளைகளில் காய்ந்து ஒட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் தினமும் கஞ்சி காய்ச்சும் வீடுகளில் இது நிச்சயம் நடக்கும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு மூடியை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கலந்து ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளைகளை ஈர்க்கிலால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். முழுவதும் காய்ந்த பிறகே மீண்டும் பொருத்த வேண்டும். பொருத்தும்போது மூடி அதன் பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். கோணலாக அமர்ந்தால் நெருப்பு ஒரு பக்கமாக எரியும், அல்லது உள்ளுக்குள்ளேயே பட்டென்று பற்றும்.

அதன் பின்னும் சரியாகவில்லை என்றால் பர்னருக்குக் கீழே உள்ள குழாயைப் பாருங்கள். சில நாட்கள் பாவிக்காத அடுப்பில் சிலந்தி கூடு கட்டிவிடும், சின்னக் குளவி மண் அப்பிவிடும், எறும்பு குடியேறிவிடும். காற்றும் கேஸும் கலக்கும் இடம் அதுதான். மென்மையான தூரிகையால் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

கடைசியாக ஜெட். இதன் துளை மிகவும் நுண்ணியது. ஒரு தூசி போதும் அடைப்பதற்கு. ஆனால் இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஊசியையோ குண்டூசியையோ கம்பியையோ விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மெதுவான உலோகம், துளை பெரிதாகிவிடும். பெரிதான துளையால் தேவைக்கு மிஞ்சிய கேஸ் வரும், நெருப்பு மஞ்சளாகும், பானை கரியாகும். ஜெட் அடைபட்டதாகத் தோன்றினால் அடுப்புப் பழுதுபார்க்கும் பாஸிடம் கொடுத்து, கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ சொல்லுங்கள். அது பெரிய செலவில்லை.

நெருப்பின் நிறம் சொல்லும் செய்தி

நல்ல நெருப்பு நீலமாக, அமைதியாக எரியும். மஞ்சளாக நாக்கு நீட்டி எரிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். உப்புத் தண்ணீர் வழிந்து பட்ட பிறகு சற்று நேரம் செம்மஞ்சளாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தானே மாறிவிடும். ஆனால் எப்போதும் மஞ்சளாகவே எரிந்தால், பானையின் அடி கறுத்தால், காற்றுத் திறப்பும் குழாயும் அடைபட்டுள்ளன.

‘எரிகிறதுதானே, பரவாயில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். அரைகுறையாக எரியும் நெருப்பிலிருந்து காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டு விடும். யன்னல் பூட்டிய சிறிய குசினியில் நெடுநேரம் சமைத்துவிட்டு ‘நோன்புத் தலையிடி’ என்று படுத்துக்கொள்ளும் தாய்மார், வெளியே வந்து காற்றுப் பட்டதும் தலைவலி குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் குற்றம் நோன்பின் மீதல்ல, அடுப்பின் மீது. அன்றே யன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

கேஸ் கசிந்தால்

2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் வெடிப்பும் தீயும் அடுத்தடுத்து ஏற்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கப் பயந்து முற்றத்தில் வைத்தவர்கள் எத்தனை பேர்! அது குறித்து ஆராய ஜனாதிபதி ஒரு நிபுணர் குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் நிரப்பப்பட்ட கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே பிரதான காரணம் என்று அக்குழு கண்டது. புரோப்பேனின் அளவு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பழைய ரெகுலேட்டரிலும் தளர்ந்த பொருத்திலும் வெடித்த ஹோஸிலும் அதுவரை தெரியாமலிருந்த சிறு பலவீனம் அப்போது பெருங்கசிவாக மாறும்.

கலவை நம் கையில் இல்லை. ஹோஸும் ரெகுலேட்டரும் பொருத்தும் நம் கையில் இருக்கின்றன. ஹோஸை இரண்டு வருடங்களுக்கு ஒரு முறையேனும் மாற்றுங்கள். வெடிப்போ, விறைப்போ தென்பட்டால் அன்றே மாற்றுங்கள். எஸ்.எல்.எஸ். சின்னம் பொறித்த ஹோஸையும் ரெகுலேட்டரையும் கேட்டு வாங்குங்கள். இரு முனைகளிலும் கிளிப் இறுகியிருக்க வேண்டும், நூலாலும் கம்பியாலும் கட்டி வைப்பது போதாது.

கசிவு உண்டா என்று பார்ப்பதற்குச் சவர்க்கார நீரைவிடச் சிறந்தது எதுவுமில்லை. ஒரு கோப்பையில் நுரை வரக் கலக்கி, அடுப்புக் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, பொருத்துகளிலும் ஹோஸ் நெடுகிலும் துணியால் தடவுங்கள். குமிழி எழும்பும் இடத்தில் கசிவு இருக்கிறது. நெருப்புக்குச்சியால் தேடக்கூடாது. அந்தத் தவறின் விளிம்பு வரை போனவன் சொல்கிறேன்.

வாசம் பலமாக வந்தால் சோதனை வேண்டாம். இவற்றை மட்டும் செய்யுங்கள்:

எரியும் நெருப்பு எதுவானாலும் நிறுத்துங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள்.

மின்விளக்கு, மின்விசிறி எதையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். கைத்தொலைபேசியை வெளியே போய்ப் பாவியுங்கள்.

கதவு, யன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். கேஸ் காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். எனவே பாயில் கீழே படுத்திருக்கும் பிள்ளைகளையே முதலில் எழுப்ப வேண்டும். யன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசற்கதவும் திறந்திருக்க வேண்டும்.

தீப்பற்றிவிட்டால் 110 என்ற இலக்கத்துக்குத் தீயணைப்புப் படையையும், எவருக்கேனும் காயம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்ஸையும் அழையுங்கள். பொருளைக் காப்பாற்ற உள்ளே ஓட வேண்டாம்.

மண்ணெண்ணெய் அடுப்பும் மரத்தூள் அடுப்பும்

2022இல் பரணிலிருந்து இறங்கிய மண்ணெண்ணெய் அடுப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. இவற்றில் எண்ணெயை மேலே ஏற்றுவது திரிதான். திரியின் நுனி கரி பிடித்து இறுகிவிட்டால் எண்ணெய் ஏறாது, புகைதான் வரும். கரியை நறுக்கி எல்லாத் திரிகளையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் உயர்ந்தது புகைக்கும். திரி நல்லதாக இருந்தும் நெருப்பு ஏறாவிட்டால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் பாரமாகையால் தொட்டியின் அடியில் தங்கித் திரியை நனைத்துவிடும். எண்ணெயை ஒரு போத்தலில் ஊற்றித் தெளிய விட்டு, மேலிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, தொட்டியைத் துடைத்து, திரியை வெயிலில் காய வையுங்கள். எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயோடு பெற்றோல் எந்த அளவிலும் கலக்கக்கூடாது.

மர ஆலைக்கு அண்மையில் வாழ்வோர் மரத்தூள் அடுப்பையும் அறிவார்கள். தகர வாளியின் நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, அடியில் பக்கத் துவாரத்தால் ஒரு தடியை நுழைத்து, சுற்றிலும் தூளை அடைத்து இறுக்கி, பிறகு போத்தலையும் தடியையும் மெதுவாக உருவி எடுத்தால் அடுப்புத் தயார். கீழ்த்துவாரத்தால் சிறு விறகை எரிய விட்டால் தூள் உட்புறமாகப் பற்றி நெடுநேரம் எரியும். இது எரிய மறுத்தால் மூன்று காரணங்கள்தாம். தூள் ஈரமாக இருந்தால் புகையும், ஆகவே வெயிலில் உலர்த்துங்கள். தளர்வாக அடைத்திருந்தால் நடுவில் இடிந்து விழுந்து காற்றுப் பாதையை மூடிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இறுக்குங்கள். கீழ்த்துவாரத்தைச் சாம்பல் அடைத்திருந்தால் காற்று ஏறாது, ஆகவே ஒவ்வொரு முறையும் சாம்பலை அள்ளிவிடுங்கள். பற்ற வைத்த பிறகு வாளியைத் தூக்கி இடம் மாற்றினால் உள்ளே இடிந்துவிடும். முற்றத்திலோ தாழ்வாரத்திலோ வைத்து எரிப்பதே பாதுகாப்பு.

எலியும் ஹோஸும்

இனி எங்கள் வீட்டு அடுப்புக்கு வருகிறேன். பொழுது விடிந்து பாஸ் வந்தார். இரண்டு வாய்களிலும் நெருப்புக் குறைந்ததா, எப்போதிலிருந்து என்று மனைவியிடம் கேட்டார். ‘நோன்புக்கு வீடு கழுவினத்துக்குப் பொறகு’ என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுப்பை முன்னுக்கு இழுத்தார். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஹோஸ் நசிந்து கிடந்தது. கழுவி முடிந்து அடுப்பைச் சுவரோடு தள்ளி வைத்தவன் நான்தான். நசிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, சுவரோரமாக, ஹோஸில் எலி கடித்த பல்லடையாளம் தெரிந்தது. சவர்க்கார நீரைத் தடவியதும் அதில் குமிழி எழும்பியது.

எலி திரியை இழுப்பது பற்றிய ஹதீஸை எத்தனையோ முறை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். திரிக்குப் பதில் இப்போது நம் வீடுகளில் ஹோஸ் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஓதாத என் மனைவி அந்த ஹதீஸின்படி நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடிவிடுவது அவளது வழக்கம். அல்லாஹ்வின் அருளுக்குப் பின், அந்த மூன்று இரவுகளும் எங்களைக் காத்தது அந்தப் பழக்கந்தான்.

பாஸ் புது ஹோஸ் போட்டு, கிளிப்பை இறுக்கி, அடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். கால் மணி நேர வேலை. மூன்று நாட்களாக அவள் சொன்னதை முதல் நாளே கேட்டிருந்தால், அதை நானே செய்திருப்பேன்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை

இப்பத்திரிகை உங்கள் வீட்டு ஆண்களின் கைக்கும் போகும் என்று நம்புகிறேன். அவர்களுக்குச் சொல்வது இது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் விடையளித்தார்கள். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்றும் வந்திருக்கிறது. அடுப்பைத் திருப்பிப் பார்ப்பதும், ஹோஸை மாற்றுவதும், மாதமொரு முறை சவர்க்கார நீர் தடவிப் பார்ப்பதும் ஓர் ஆணின் கௌரவத்தைக் குறைக்கமாட்டா. சோறு தாமதமானால் கோபிப்பதற்கு முன், அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு வழிகாட்டியதை நாம் அனைவரும் அறிவோம். குசினியில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் ரெகுலேட்டரை மூடுவதுதான்.

சகோதரியே, இன்றிரவு ஓதிவிட்டுப் படுக்கப் போகுமுன் குசினிக்கு ஒரு முறை சென்று வாருங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், அது சுவரோடு நசிந்து கிடக்கிறதா, எலி தீண்டியிருக்கிறதா என்று. ‘பிஸ்மில்லாஹ்’ என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். நாளை ஏதேனும் வித்தியாசமாகத் தோன்றினால், ஒரு முறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், கேட்கும் வரை சொல்லுங்கள். என் வீட்டில் மூன்றாம் முறைதான் கேட்கப்பட்டது. உங்கள் வீட்டில் முதல் முறையே கேட்கப்படட்டும்.

அல்லாஹ் நம் அடுப்புகளில் பரகத்தையும், நம் வீடுகளில் பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.